பிறக்காத மகளுக்கு இறப்புச் சான்றிதழ் கேட்பது குறித்து

அனுப்புநர்
ரெம்பெர்த்தோ தார்க்கி போமா (வயது 43), மினிபஸ் ஓட்டுநர்,
நியேவெஸ் லருத்தா சாம்பி (வயது 39), தையல் தொழில்,
பழைய தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்வீடு,
எல் ஆல்ட்டோ.

பெறுநர்
டாக்டர் கிராசியேலா உர்கிதி அவர்கள்,
இயக்குநர், கருத்தரிப்பு உதவித் திட்டம்,
சான் செலெஸ்தினோ மகப்பேறு மருத்துவமனை,
லா பாஸ்.

பொருள்: எங்களுக்கு உயிருடன் ஒரு பெண் குழந்தை இருப்பதாகத் தவறாகப் பதிவு செய்து வரிசையிலிருந்து நீக்கியது – அப்பதிவை ரத்து செய்து, ஜூன் 2-ஆம் தேதிக்குள் சிகிச்சையைத் தொடங்கக் கோருதல் – சார்பாக.

பார்வை: 1. எங்கள் வரிசை எண் 17.
2. தங்கள் அலுவலகக் கடிதம், நாள் 22.4.2024.

மதிப்பிற்குரிய அம்மா,

1. நானும் என் மனைவியும் திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. எங்களுக்குக் குழந்தை இல்லை. இந்த ஒரு வரியைத் தங்கள் அலுவலகத்தில் இதுவரை நான்கு முறை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஐந்தாவது முறையாக எழுதுகிறேன். குழந்தை இல்லை அம்மா. இருந்தால் இந்த வயதில் அலுவலகச் சாளரம் ஒவ்வொன்றிலும் போய் நிற்பேனா?

2. திட்டத்தின் விதிகள் இரண்டு என்று சொன்னார்கள். தம்பதிக்கு உயிருடன் குழந்தை இருக்கக் கூடாது. மனைவிக்கு நாற்பது வயது நிறைவதற்குள் முதல் ஊசி போடப்பட வேண்டும். என் மனைவிக்கு வருகிற ஜூன் 2 அன்று நாற்பது நிறைகிறது. ஆகவே இந்த மனுவைத் தாங்கள் அவசரமாகப் படிக்க வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். இதற்கு முன் கொடுத்த நான்கும் எந்த மேசையில் தூங்குகின்றன என்று எனக்குத் தெரியாது.

3. குறை யாரிடம் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். குறை என்னிடம். நான் ஓட்டும் மினிபஸ்ஸில் என் இருக்கைக்குக் கீழேதான் என்ஜின். பத்தொன்பது ஆண்டுகளாகச் சேஹாவுக்கும் சான் பெத்ரோவுக்கும் இடையில் அந்தச் சூட்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். விந்தணு எண்ணிக்கை குறைவு, ஓட்டமும் குறைவு என்று அறிக்கையில் இருக்கிறது. முதல் நான்கு ஆண்டுகள் எல்லாப் பரிசோதனையும் என் மனைவிக்கே நடந்தது. ஆம்பளைக்கு எதுக்குப் பரிசோதனை என்று நான்தான் வீறாப்பாக இருந்தேன். அறிக்கை வந்த பிறகும் பதினான்கு மாதங்கள் அதை யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவிக்கு மட்டும் தெரியும்.

4. அந்தப் பதினான்கு மாதங்களில் ஊர் பேசிய பேச்சை எல்லாம் அவர்தான் வாங்கிக் கட்டிக்கொண்டார். என் தங்கை மகனின் முதல் முடி வெட்டும் சடங்கில், வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு கற்றை வெட்டினார்கள். என் மனைவி கத்தரிக்கோலை எடுத்தபோது என் தாயார் அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நீ வேணாம்மா. காய்க்காத கை புள்ளை தலையில படக் கூடாது" என்றார். நாற்பது பேர் இருந்தார்கள். நானும் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. ஓட்டுநர் சங்கத்தில், "என்னப்பா ரெம்பெர்த்தோ, வண்டி மட்டும்தான் ஓடுதா?" என்று கேட்டபோதும் பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டுத்தான் வந்தேன். இது தங்கள் அலுவலகத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயம்தான். ஆனால் பின்னால் வரும் தவறு ஏன் நேர்ந்தது என்பதற்கு இது தேவைப்படுகிறது.

5. தவறு நான் செய்தது. கடந்த சனவரி 24 அன்று நண்பகலில், அந்த நேரத்தில் சின்ன உருவமாக வாங்கியது நிஜமாகவே கிடைக்கும் என்ற நம்பிக்கையில், எல்லோரையும் போல நானும் அலசீத்தாஸ் சந்தைக்குப் போனேன். வீடு வேண்டுமென்பவர் சின்ன வீடு வாங்கினார், லாரி வேண்டுமென்பவர் சின்ன லாரி வாங்கினார். நான் பொம்மைக் குழந்தை வாங்கவில்லை. கையில் பொம்மையோடு போனால் சங்கத்து ஆட்கள் பார்ப்பார்கள். அதனால் உள்ளங்கை அகலத்தில் ஒரு பிறப்புச் சான்றிதழ் வாங்கினேன். கடைக்கார அம்மாள், "பொண்ணா பையனா? சட்டுனு சொல்லுங்கய்யா, மணி பன்னெண்டு அடிக்கப் போவுது" என்று அவசரப்படுத்தினார். பெண் என்றேன். பெயர் நைரா என்றேன். திருமணமான இரண்டாம் ஆண்டில் நாங்கள் இருவரும் பேசி வைத்த பெயர் அது. ஐந்தாம் ஆண்டுக்குப் பிறகு வீட்டில் யாரும் அதைச் சொன்னதில்லை. கடைக்கார அம்மாள் அன்றைய தேதியையே பிறந்த தேதியாக எழுதி, பெற்றோர் பெயரையும் எழுதி, முத்திரை குத்தினார். பதிவாளர் கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில், அந்தச் சந்தையின் சாமியான எக்கேக்கோவின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

6. சாம்பிராணிப் புகை காட்டி, மேலே சாராயம் தெளித்து ஆசீர்வதித்த பெரியவர், "கேட்ட காரியம் எங்க நடக்கணுமோ அங்கேயே இது கூடவே இருக்கணும். வீட்டுல பெட்டியில பூட்டி வெச்சா ஒண்ணும் நடக்காது" என்றார். எனக்குக் காரியம் நடக்க வேண்டிய இடம் தங்கள் மருத்துவமனை. ஆகவே பிப்ரவரி 2 அன்று கோப்பைச் சமர்ப்பித்தபோது, இரத்தப் பரிசோதனை அறிக்கைக்கும் திருமணச் சான்றிதழுக்கும் நடுவில் அந்தச் சின்னத் தாளைச் செருகி வைத்தேன். என் மனைவிக்கும் சொல்லவில்லை. சொன்னால் ஆசை வைப்பார் என்று பயந்தேன்.

7. தங்கள் அலுவலகத்தில் புதிதாக வந்திருக்கும் ஸ்கேன் இயந்திரம் எல்லாத் தாளையும் ஒரே அளவாக்கிவிடுமாம். உள்ளங்கைத் தாள் முழுத்தாள் ஆகிவிட்டது. ஓரத்தில் அலசீத்தாஸ் என்று அச்சடித்திருந்த பகுதி வெட்டுப்பட்டுப் போயிற்று. பதிவு செய்த பணியாளர், குழந்தையின் பெயரையும் தேதியையும் பார்த்தார், கணினியில் ஏற்றினார். கையொப்பத்தைப் படிக்கவில்லை. இந்த ஊரில் மீசையும் மூட்டையுமாக வீட்டுக்கு வீடு உட்கார்ந்திருக்கும் எக்கேக்கோ எப்போது பதிவாளர் வேலைக்குச் சேர்ந்தார் என்று அவர் ஒரு நிமிடம் யோசித்திருந்தால், இந்த மனுவே வேண்டியிருக்காது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். எங்கள் விஷயத்தில் பூசாரி அவசரப்பட்டு முன்னதாகவே கொடுத்துவிட்டார்.

8. மார்ச் 19 அன்று எங்களை வரச் சொல்லியிருந்தீர்கள். காத்திருப்போர் கூடத்தில் அறுபது பேருக்குக் குறையாமல் இருந்தோம். இரண்டாம் சாளரத்திலிருந்து பணியாளர் எஃப்ராயின், "நைரா தார்க்கி லருத்தாவோட அம்மா யாரு? சீக்கிரம் வாங்கம்மா" என்று சத்தமாகக் கூப்பிட்டார். என் மனைவி எழுந்து நின்றுவிட்டார். என்ன ஏது என்று யோசிக்கவில்லை. கூப்பிட்டதும் எழுந்துவிட்டார். கைப்பையைக்கூட எடுக்காமல் சாளரம் வரைக்கும் போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். அங்கே எஃப்ராயின், "உங்களுக்குத்தான் உசுரோட ஒரு பொண்ணு இருக்கே. அப்புறம் எதுக்கும்மா இங்க வந்து அடுத்தவங்க இடத்தை அடைக்கிறீங்க?" என்றார். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தார். அம்மா, என் வாழ்நாளில் அந்தப் பார்வைக்கு நான் பதில் சொல்லி முடிக்க மாட்டேன்.

9. அன்று வீடு போய்ச் சேர்ந்ததும் நடந்ததை எல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. நானும் கூட வந்திருப்பேனே" என்றார். மறுவாரம் நாங்கள் இருவரும் என் தாயார் வீட்டுக்குப் போனோம். மருத்துவ அறிக்கையை மேசைமேல் வைத்து, குறை என்னிடம்தான் என்று சொன்னேன். தாயார் அழுதார். இதைச் சொல்ல எனக்கு ஒரு பொய்ப் பதிவு தேவைப்பட்டது என்பதை நினைத்து வெட்கப்படுகிறேன்.

10. அதற்குப் பிறகு நாங்கள் அலைந்த அலைச்சலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குடிமைப் பதிவு அலுவலகத்தில் வரிசையில் நின்று, அப்படி ஒரு குழந்தையின் பிறப்பு பதிவாகவில்லை என்று சான்று வாங்கி வந்தோம். தங்கள் அலுவலகத்தில் அதைப் படித்துவிட்டு, குழந்தை பதிவாகவில்லை என்றுதான் இது காட்டுகிறது, பிறக்கவில்லை என்று காட்டவில்லையே என்றார்கள். ஏப்ரல் 3 அன்று தடுப்பூசிச் செவிலியர் வீட்டுக்கே வந்துவிட்டார். தங்கள் கணினியிலிருந்து நைராவின் பெயர் அவர் பட்டியலுக்கும் போயிருந்தது; இரண்டு மாத ஊசி தவறிவிட்டதாம். பாவம், மேட்டில் ஏறி மூச்சு வாங்க வந்திருந்தார். என் மனைவி அவரை உட்காரவைத்து, சூடாக ஆப்பிச் சோளப் பானம் கொடுத்து, விவரம் சொன்னார். செவிலியர் முழுவதும் கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் படிவத்தில் 'குழந்தை வீட்டில் இல்லை' என்று எழுதிக்கொண்டு போனார். அவர் படிவத்தில் அதற்கு வேறு கட்டம் இல்லையாம்.

11. அசல் தாளைக் கோப்பிலிருந்து எடுத்துப் பாருங்கள், கை அளவுதான் இருக்கும் என்று எவ்வளவோ சொன்னேன். கோப்புகள் கிடங்குக்குப் போய்விட்டன, கணினியில் இருப்பதுதான் கணக்கு என்றார்கள். பிறகு பார்வை 2-இல் கண்ட கடிதம் வந்தது. கணினியில் 'உயிருடன்', 'இறந்தது' என்று இரண்டு கட்டங்கள்தான் உண்டு என்றும், குழந்தையின் இறப்புச் சான்றிதழை மே 20-க்குள் சமர்ப்பித்தால் எங்கள் வரிசை எண் திரும்பக் கிடைக்கும் என்றும் அதில் இருந்தது. எஃப்ராயின் நல்ல மனதோடுதான் சொன்னார்: "ஒரே ஒரு தாள்தானே அண்ணே. அந்தச் சந்தைக் கடையிலயே கேட்டா அதையும் அடிச்சுக் குடுத்துடுவாங்க. ஸ்கேன் பண்ணா எல்லாம் ஒண்ணுதான்."

12. நானும் சலித்துப் போயிருந்தேன். அச்சகத்துக்குப் போனேன், மறைக்கவில்லை. படிவம் வாங்கி வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்து நிரப்பினேன். பெயர் எழுதினேன், பிறந்த தேதி எழுதினேன். இறப்புக்குக் காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. பின்னால் என் மனைவி நின்றுகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. "என்மேல பழி விழுந்தப்ப நீ சும்மா இருந்தே, பொறுத்துக்கிட்டேன். இவளைச் சாகடிக்க மட்டும் விடமாட்டேன்" என்றார். படிவத்தை வாங்கி அடுப்பில் போட்டுவிட்டார். ஒன்பது ஆண்டுகளில் அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அன்றுதான். நியாயம் அவர் பக்கம்.

13. ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு பிடிவாதமா என்று தங்களுக்குத் தோன்றலாம். ஒவ்வொரு மாதமும் நாள் தள்ளிப்போகிறதா என்று எண்ணி, ஒருமுறை பதினொரு நாள் தள்ளிப்போய், பன்னிரண்டாம் நாள் குளியலறையிலிருந்து அவர் வெளியே வந்த முகத்தைப் பார்த்தவன் நான். அந்த வீட்டுக்கு இப்படி ஒரு சான்றிதழை எடுத்துக்கொண்டு போக என்னால் முடியாது. சிகிச்சை ஐந்து பேரில் ஒருவருக்குத்தான் பலிக்கும் என்று தங்கள் மருத்துவர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். எங்களுக்குப் பேராசை இல்லை. ஒரு முறை முயல்வது, பலிக்காவிட்டால் அத்தோடு விட்டுவிட்டு நாங்கள் இருவராகவே இருந்துகொள்வது என்று பேசி முடித்துவிட்டோம். அந்த ஒரு முறையைத்தான் கேட்கிறோம்.

14. ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து, கிடங்கிலிருந்து எங்கள் கோப்பை வரவழைத்துத் தங்கள் கண்ணாலேயே பார்த்து, அந்தப் பதிவை முழுவதுமாக நீக்கவும், வரிசை எண் 17-ஐத் திரும்ப அளித்து ஜூன் 2-க்கு முன் முதல் ஊசிக்கு நாள் குறிக்கவும் உத்தரவிட வேண்டுகிறோம். கோப்பில் உண்மையல்லாத தாளை வைத்தது என் குற்றம். அதற்கு என்ன தண்டனையானாலும் எனக்குக் கொடுங்கள், என் மனைவிக்கு வேண்டாம்.

15. இவை எதுவும் முடியாது, விதி விதிதான் என்று தாங்கள் தீர்மானித்தால், எங்கள் இடத்தை அடுத்த தம்பதிக்குக் கொடுத்துவிடுங்கள். அவர்களும் எங்களைப் போலக் காத்திருப்பவர்கள்தான். ஆனால் யாரும் வேலையைச் சுலபமாக்குவதற்காக, எங்களைக் கேட்காமல், இரண்டாவது கட்டத்தில் குறியிட்டுவிட வேண்டாம். ஊசி கிடைக்காமல் போனாலும் போகட்டும். நைரா இறந்துவிட்டாள் என்று நாங்கள் எங்கும் கையெழுத்துப் போட மாட்டோம்.

இடம்: எல் ஆல்ட்டோ
நாள்: 6.5.2024

இப்படிக்கு,
(ஒப்பம்) நியேவெஸ் லருத்தா சாம்பி
(ஒப்பம்) ரெம்பெர்த்தோ தார்க்கி போமா