கதவுக்குப் பின்னால் ஒரு கோப்பை

வெள்ளவத்தை,
12.06.2024

அன்புள்ள சுபோதினி அக்கா,

இப்படித் திடீரென்று கடிதம் எழுதித் தொந்தரவு செய்வதற்கு மன்னியுங்கள். நான் வேலை செய்யும் ரியூசன் நிலையத்தில் எங்கள் போன்களை வாங்கிப் பார்க்கிறார்கள்.

உங்கள் வலைப்பதிவில் நான் பெயரில்லாமல் எழுதியதை இங்கு படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் படித்துவிட்டார்கள். துப்புரவு செய்யும் அங்கம்மாவின் தேநீர்க் கோப்பை மட்டும் கூட்டுகிற தும்புத்தடியோடு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் அந்தப் படத்தையும் பார்த்துவிட்டார்கள். படத்தில் சுவர்க் கடிகாரம் ஏழேகால் காட்டுவதை நான் கவனிக்கவில்லை.

முகாமையாளர் நாகேந்திரம் சேர் அங்கம்மாவைத்தான் கூப்பிட்டார்.

"எட்டு மணிக்கு முன்னம் இஞ்ச நிக்கிறது நீ மட்டும்தானே? ஆருக்குப் படம் எடுத்துக் குடுத்தனி?"

நானும் ஏழு மணிக்கே வருவது அங்கம்மாவுக்கு மட்டும் தெரியும். அவர் என் பக்கம் திரும்பவேயில்லை.

"எனக்குப் படமெல்லாம் எடுக்கத் தெரியாதுங்க."

எழுதியவர் யாரென்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் அவருக்கு வேலை இல்லை. நான் என்ன செய்யட்டும்?

அன்புடன்,
ஜீவராணி

கொட்டாஞ்சேனை,
13.06.2024

என் ராணிக்கு,

ஓட்டோக்கார ஒஸ்வால்ட் உமது கடிதத்தைத் தந்தார். இதையும் அவரிடமே கொடுத்துவிடுகிறேன்.

பயப்படாதேயும். கட்டுரையை எடுத்துவிட்டேன். உமது பெயர் என்னிடமிருந்து போகாது. ஒரு பெயர் வெளியே போனாலும், நாளைக்கு எனக்கு ஒருவரும் எழுத மாட்டார்கள். உமக்கு இது முதல் வேலை. வீட்டில் படித்து முடித்தவளும் நீர் ஒருத்திதான். அங்கம்மாவுக்கு வேறு இடம் பார்ப்போம்.

நேரத்துக்குச் சாப்பிடும்.

அன்பு அக்கா,
சுபோதினி

வெள்ளவத்தை,
14.06.2024, காலை

அன்புள்ள அக்கா,

கட்டுரை இல்லாததைப் பார்த்தேன். நாகேந்திரம் சேரும் பார்த்துவிட்டுச் சிரித்தார். கோப்பை அங்கேயே தொங்குகிறது.

நான்தான் என்று சொல்லப் போவதாக இன்று அங்கம்மாவிடம் சொன்னேன்.

"சும்மா இரு புள்ள. நம்ம தோட்டத்துப் பக்கத்துப் புள்ள ஒன்னு இங்க நாக்காலில உக்காந்திருக்கு. அதயும் எந்திரிக்கச் சொல்றியா?"

எனக்கு முகமெல்லாம் சுட்டது. இரண்டு வருடமாக இங்கே எல்லோரிடமும் ஊர் கண்டி என்று சொல்லி, பேச்சையும் இவர்களுடையதைப் போல மாற்றிக்கொண்டவள் நான். தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவள் என்று தெரிந்தால் எனக்கும் ஒரு ஆணி அடிப்பார்களோ என்ற பயம். அங்கம்மாவுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

பெயரில்லாமல் எழுதுகிறவர்களை நீங்கள் எப்படிக் காப்பாற்றுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வேறு யாருடைய பெயரையும் ஒருபோதும் கொடுக்காதீர்கள். என்னுடையதைக் கொடுக்க நானே சொல்லலாம் அல்லவா?

மூன்று மணிக்கு அங்கம்மாவைக் கணக்கு முடித்து அனுப்பப் போகிறார்கள். அதற்கு முன் கட்டுரையைத் திரும்பப் போடுங்கள் அக்கா. மேலே சுந்தரலிங்கம் ஜீவராணி என்று என் முழுப் பெயர் இருக்கட்டும். ஊர் என்ற இடத்தில், உங்களுக்கு மட்டும் நான் சொன்ன தோட்டத்தின் பெயரை எழுதுங்கள்.