சங்கிலி இறங்கிய வழி

செப்டம்பர் 12

இன்று என் தண்ணீர் லாரியில் ரிஹாப் டீச்சரும் வந்தாள். நம் ஊர்த் தீயணைப்புத் தொண்டர் குழுவில் அவளும் ஒருத்தி. ஊரைச் சுற்றியுள்ள அக்கார் மலை முழுவதையும் போனுக்குள் வரைகிறாளாம். காசில்லாத வரைபடம், யார் வேண்டுமானாலும் திருத்தலாமாம்.

"என் மாமியார் வீட்டை அழிச்சுடலாமா, டீச்சரம்மா?"

"அபூ ரபீ, ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

செப்டம்பர் 14

கிழவர் அபூ ஹாதிம் போய்விட்டார். மேல்தெரு ஆட்கள் துக்கத்துக்கு வர வேண்டுமே, தோட்டத்து வழியில் நான் போட்ட சங்கிலியைக் கழற்றினேன். ஊரில் சங்கிலி போட்ட எல்லோரும் கழற்றினார்கள். சாவு விழுந்தால் மூன்று நாள் யாரும் யாரையும் மறிப்பதில்லை, ஊர் வழக்கம்.

பெரியப்பா மகன் நவ்ஃபலும் அந்த வழியாகத்தான் வந்தான். என்னைப் பார்க்கவில்லை. ஊற்றுத் தண்ணீர் முறையில் சண்டை வந்ததிலிருந்து இப்படித்தான். அதற்குத்தான் சங்கிலியே.

செப்டம்பர் 17

சங்கிலி ஏறிவிட்டது.

செப்டம்பர் 28

ஊர் மண்டபத்தில் டீச்சர் தன் வரைபடத்தைத் திரையில் காட்டினாள். தீயணைப்பு வண்டி சீக்கிரம் போய்ச்சேரும் இடம் பச்சை, சேராத இடம் சிவப்பு. ஊரே பச்சை. எல்லோரும் கைதட்டினார்கள், நான் விசிலும் அடித்தேன்.

வீட்டுக்கு வரும்போதுதான் உறைத்தது, அந்தப் பச்சை வழி என் சங்கிலியின் மேலேயே போகிறது! விழுந்து விழுந்து சிரித்தேன். என் மனைவி நாஹிதா சிரிக்கவில்லை.

"தீப்பிடிச்சா வண்டி அந்தப் படத்தை நம்பித்தானே வரும்? சிரிக்கிறீங்க."

செப்டம்பர் 29

டீச்சரிடம் சொன்னேன். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். பள்ளி விடுமுறை என்று அந்த மூன்று நாளில்தான் வழிகளை எல்லாம் நடந்து பதிந்திருக்கிறாள். துக்க வீட்டு ஊரை வரைந்திருக்கிறாள்!

"அப்பவே சொல்லக் கூடாதா?"

"துக்க வீட்டுல காபி ஊத்திட்டிருந்தேன்மா."

உட்கார்ந்த இடத்திலேயே சங்கிலிகளைக் குறித்தாள். மேட்டுப் பகுதி சிவந்தது. என் பைன் மரங்கள். அதற்கும் மேலே நவ்ஃபல் வீடு. அங்கேதான் பெரியம்மா படுத்த படுக்கையாக இருக்கிறாள். இனி வண்டி ஆற்றங்கரையைச் சுற்றித்தான் போக வேண்டும்.

"கழட்டிடுங்க, அபூ ரபீ."

"அவன் வந்து கேக்கட்டும்."

"அவரும், 'அவனாக் கழட்டட்டும்'னு சொல்றார்."

அவன் அப்பன் பிடிவாதம் அப்படியே. எனக்கு மட்டும் என்ன குறைச்சல்?

அக்டோபர் 5

மழை இல்லை. கிழக்குக் காற்று. பைன் சருகு காலடியில் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. சங்கிலி வரைக்கும் போனேன். திரும்பி வந்தேன். ஏன் போனேன்?

அக்டோபர் 9

மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

கீழ் ஊரில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தேன். டீச்சர் போன் செய்தாள்: மேட்டுக்குக் கீழே புகை, குழுவின் வண்டி படத்தில் சிவப்பைப் பார்த்து ஆற்றங்கரை வழியாகப் போய்விட்டது, வந்துசேர நேரமாகும். லாரியை விரட்டிக்கொண்டு வந்தேன். சங்கிலி முன்னால் நின்று பையைத் தடவினால் — சாவி வீட்டில், வேறு கால்சட்டையில்!

அந்தப் பக்கம் நவ்ஃபல். கையில் இரும்பு வெட்டும் கத்திரி. வேர்த்து ஊற்றுகிறது, சும்மா நிற்கிறான்.

"ஏன்டா நிக்கிற?"

"உன் சங்கிலி. உன்னைக் கேக்காம எப்படி வெட்டறது?"

பின்னால் அவன் வீடு புகைக்குள் கிடக்கிறது. இந்த நேரத்தில் மரியாதை!

"வெட்டுடா கழுதை!"

"கழுதை நீ! சாவி எங்கடா?"

வெட்டினான். லாரி ஏறியது. என் பைன் மரங்களில் பாதிக்கு மேல் போயிற்று. அவன் கோழிக்கூடு போயிற்று. வீடு நின்றது. ஈரக் கம்பளியில் சுற்றி இரண்டு பேருமாகப் பெரியம்மாவைத் தூக்கி வந்தோம். வழி முழுக்க இரண்டு பேரையும் திட்டிக்கொண்டே வந்தாள்.

அக்டோபர் 10

பெரியம்மா இருமுகிறாள். இருமலுக்கு நடுவிலும் திட்டுகிறாள்.

அக்டோபர் 18

நேற்று டீச்சர் கேட்டாள், "படத்துல உங்க சங்கிலி அடையாளத்தை எடுத்துடவா?" எடு என்றேன். இன்னும் இரண்டு பேர் தங்கள் சங்கிலியையும் கழற்றியிருக்கிறார்களாம். மற்றவர்கள் யோசிக்கிறார்கள். ஊற்றுத் தண்ணீர் முறை அப்படியேதான் இருக்கிறது. நவ்ஃபலோடு அதற்குத் தினமும் சண்டை. பேச்சு வந்துவிட்டதே, இனி சண்டைக்கா பஞ்சம்?

காலையில் கீழ்த்தெரு பால்காரர் வந்தார். சங்கிலி இல்லாத வெறும் கம்பத்தைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"யாரு தவறிட்டாங்க, அபூ ரபீ?"

"யாரும் இல்லப்பா. நீ பாட்டுக்குப் போ."