எந்த நாளிலிருந்து எண்ணுவது

2025 ஏப்ரல் 28, திங்கள்

பேரன் றிஸ்லானுக்கு இன்றுடன் பன்னிரண்டு கிழமை, எண்பத்து நான்கு நாள். நான் வாசித்த கட்டுரையின்படி இது அழும் கிழமை. மூளை ஒரு படி ஏறும்போது, நேற்றுவரை பழகிய உலகம் பிள்ளைக்குப் புதிதாகத் தோன்றுமாம். அந்தக் குழப்பத்தில் தாயை விட்டு இறங்காது, தூங்காது, காரணமின்றி அழும். அடங்கியதும் புதிதாக ஒன்றைச் செய்து காட்டும். ஐந்து, எட்டு, பன்னிரண்டு, பத்தொன்பது என்று கொப்பியில் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். பிள்ளையோ காலையிலிருந்து சிரித்த முகமாகக் கிடக்கிறான்.

மே 3, சனி

இன்னும் அழவில்லை. கடினமான கிழமை வராமலே கடந்துவிட்டது, இனிப் பத்தொன்பதாம் கிழமை வரை பயமில்லை என்று மகள் சப்னாவிடம் சொன்னேன். நான் எதையும் இவ்வளவு உறுதியாகச் சொல்பவன் அல்ல. அவள் முகம் தெளிவதைப் பார்க்கும் ஆசையில் சொல்லிவிட்டேனோ?

மே 5, திங்கள்

விடிந்ததிலிருந்து அழுகை.

மே 7, புதன்

மூன்றாம் நாள். பால் கொடுத்தால் இரண்டு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பி வீரிடுகிறான். பாயில் கிடத்தினால் அதைவிட மோசம். காய்ச்சல் இல்லை, மூன்று தடவை பார்த்தேன். மருமகன் முனாப்புக்குப் பாசிக்குடா ஹோட்டலில் வேலை, ஞாயிறுதான் வருவார். அவருடைய மூத்த சகோதரி ஸுஹைனா ராத்தா பின்னேரம் பால்மா டின்னும் போத்தலுமாக வந்தார். தாய்க்குப் பால் காணாது, பிள்ளைக்குப் பசி என்பது அவருடைய தீர்ப்பு. இது வளர்ச்சியின் அழுகையாகவும் இருக்கலாம் என்று மெல்லச் சொன்னேன்.

"மழை அளந்த ஆள் இப்ப புள்ளைக்கும் வானிலை சொல்றீங்களா மாமா?" என்று என் பழைய உத்தியோகத்தை இழுத்துச் சிரித்தார்.

அது வலிக்கவில்லை. சப்னா கேட்டதுதான் வலித்தது.

"வாப்பா, உங்கட கணக்குப்படி இவன் இப்ப அழக்கூடாதே. அப்ப என்ட பால்தானே காணாது?"

கொப்பியை எடுத்துப் பார்த்தேன். பதின்மூன்றாம் கிழமைக்கு நேரே என் கையாலேயே "அமைதி" என்று எழுதியிருக்கிறேன். தன் பாலில் அவளுக்கு இருந்த நம்பிக்கையைக் கெடுத்தது ஸுஹைனா அல்ல, நான். நாளை கிளினிக்கில் எடை பார்த்துவிட்டுப் போத்தல் தொடங்கப் போகிறாளாம்.

மே 8, வியாழன்

கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். எடை நன்றாக ஏறியிருக்கிறது. நாளுக்கு எத்தனை தடவை சலம் போய்த் துணியை நனைக்கிறான் என்று மிட்வைஃப் பிரஷாந்தி கேட்டார். சப்னா விழித்தாள். ஏழு, சில நாள் எட்டு என்றேன் நான். மிட்வைஃப் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் பதிவேட்டில் எதையோ எண்ணினார்.

"அஞ்சு கிழமை முந்திப் பிறந்த புள்ள. வளர்ச்சிக்கு வயசு பாக்கிறெண்டால், பிறக்கவேண்டிய திகதியில இருந்துதான் எண்ணவேணும்."

"திருத்திய வயது: எட்டுக் கிழமை" என்று எழுதினார்.

முப்பத்தொரு வருடம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் மழைமானி பார்த்தவன் நான். காலை எட்டரைக்கு அளப்பது நேற்றைய மழை. நேற்றைய திகதியில்தான் பதியவேண்டும். மாற்றிப் பதிந்த எத்தனை பேரைத் திருத்தியிருப்பேன். அதே பிழையைச் சொந்தப் பேரன் விடயத்தில் செய்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து கட்டங்களை ஐந்து கிழமை தள்ளிப் போட்டேன். எட்டாம் கிழமை — இப்போது. ஐந்தாம் கிழமை சித்திரைப் புத்தாண்டில் விழுகிறது. அன்றைய குறிப்பு: "ஆரையம்பதிப் பக்கம் வெடிச்சத்தம். பிள்ளை ஓயாமல் அழுகை." மூன்று நாள் அப்படியே. நான்காம் நாள்: "கண்ணால் என்னைப் பின்தொடர்கிறான்." பழியைப் புத்தாண்டு வெடியில் போட்டிருக்கிறேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு, ஸுஹைனாவும் இருக்கும்போதே சொன்னேன்.

"மகள், பிழை என்ட கணக்கில. உன்ட பாலில இல்ல."

வைத்தியர்கள் எல்லாரும் இந்தக் கிழமைக் கணக்கை ஏற்பதில்லை என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் எடை ஏறியிருக்கிறது, சலம் ஒழுங்காகப் போகிறது. ஒரு கிழமை பொறுப்போம். காய்ச்சல் வந்தாலோ, அடியோடு குடிக்க மறுத்தாலோ நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன். சப்னா பிள்ளையை மடி மாற்றிக் கிடத்தினாள். பிறகு, "ஒரு கிழமை" என்றாள்.

ஸுஹைனா டின்னைப் பையில் போட்டார். ஒரு கிழமை கழித்து வருவாராம். மிரட்டலா, ஆறுதலா தெரியவில்லை.

மே 11, ஞாயிறு

அழுகைதான். முனாப் தூக்கினால் இன்னும் கூடுகிறது, மனிதர் வாடிப்போனார். சப்னா ஒரு மணித்தியாலம் தூங்கட்டும் என்று பிள்ளையை வாவிக்கரைக்குத் தூக்கிப்போனேன். எனக்குத் தாலாட்டுத் தெரியாது. மழைமானி வைத்திருந்த இடங்களை வரிசையாகச் சொன்னேன்: உன்னிச்சை, உறுகாமம், வாகனேரி, நவகிரி. மூன்றாவது சுற்றில் உறங்கினான்.

மே 13, செவ்வாய்

இன்று சப்னாவும் அழுதாள். நான் சொன்னது பிழையாகிவிட்டால்?

மே 16, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தபோது வீட்டில் சத்தமே இல்லை. பயந்துபோனேன். சப்னா உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். றிஸ்லான் பாயில் மல்லாந்து கிடந்து தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். விரலை மடக்குகிறான், விரிக்கிறான், இது யாருடையது என்பதுபோல் மறுபடி பார்க்கிறான். பதினொரு நிமிடம். பிறகு பசித்துக் குடித்தான், ஒரு தடவையும் முகம் திருப்பாமல்.

ஸுஹைனா சொன்னபடி வந்தார். கையில் பையில்லை. பிள்ளையைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி மாமா, உங்கட மழை பெஞ்சி முடிஞ்சிது" என்றார்.

ஜூன் 3, செவ்வாய்

நேற்றிலிருந்து மறுபடி அழுகை. திருத்திய கணக்கில் பன்னிரண்டாம் கிழமை. நானே சிவப்பு மையால் குறித்ததுதான். இருந்தும் சத்தம் கேட்டதும் எழுந்துவிட்டேன். வெப்பமானியைத் தேடி இரண்டு அலுமாரியைக் கலைத்தேன். சப்னா பிள்ளையைத் தோளில் போட்டபடி முனாப்புடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். நாலைந்து நாளில் அடங்கும், அதன்பிறகு என்ன செய்கிறான் என்று பார்ப்போம் என்று அவருக்குத் தைரியம் சொன்னாள். பிறகு பால் கொடுக்க அறைக்குள் போனாள். அங்கிருந்து குரல் வந்தது.

"வாப்பா, காய்ச்சல் இல்ல, நான் பாத்துட்டன். நீங்க இரிங்க. தேத்தண்ணி ஆறுது."

இருந்தேன். குடித்தேன்.