ஒரு கீபோர்டுக்கு இரண்டு மதினிமார்

மதினி,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். போன ஞாயிறு கம்ப்யூட்டர் வகுப்பில் பக்கத்துக் காலி நாற்காலியைப் பார்த்து, "ஏ மதினி, பாத்துக்கிட்டே இருந்தியே, ஒரு வார்த்த சொன்னா என்ன?" என்று சத்தம் போட்டுவிட்டேன். வகுப்பே திரும்பியது. இருமினேன். இருமலை யாரும் நம்பவில்லை.

தப்பு என்மேல் இல்லை, கீபோர்டுமேல்தான். நாம் உட்கார்ந்த அதே கம்ப்யூட்டர். நீ ஒற்றை விரலால் பேன் குத்துவது போலக் குத்திய குத்தில் பாதி எழுத்து அழிந்து கிடக்கிறது. அதைப் பார்த்ததும் நீ பக்கத்தில் இருப்பதாகவே நினைத்துவிட்டேன்.

நம் ஊர் சிலமலையிலிருந்து மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் இடம் கிடைத்தால்தான் நமக்கு அன்றைக்குச் சோலி. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மறுநாள் உனக்கு நடை தளரும். நீ வந்து சேர்வதற்குள் ஜீப் நிறைந்திருக்கும். கங்காணி அண்ணன், "நாளைக்கு வெரசா வா ஆத்தா" என்பார். மறுநாளும் அதையே சொல்வார்.

"நேத்து விடுபட்டவள இன்னைக்கு மொத ஏத்துனா என்னண்ணே?" என்று கேட்டாய்.

"யாரு யாரு விடுபட்டான்னு நான் மனசுலயா எழுதி வைக்கிறது?" என்றார்.

அந்தக் கோபத்தில்தான் போடியில் பெண்களுக்கு நடந்த ஞாயிறு வகுப்புக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். நான் எட்டாவது, நீ ஒன்பதாவது. அந்த ஒரு வகுப்புத் திமிர் உனக்குக் கடைசிவரை இருந்தது.

நம்மைவிடச் சின்னவரான டீச்சர், ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேரை உட்காரவைத்தார். ஒருத்தி தட்டணும், இன்னொருத்தி பார்த்துச் சொல்லணும், கொஞ்ச நேரத்தில் மாறணும். கம்ப்யூட்டர் பத்தாமல்தான் இப்படி என்று நினைத்தேன். அடுத்த வாரம் பாதிப் பேர் வரவில்லை, கம்ப்யூட்டர்கள் சும்மா கிடந்தன. அப்போதும் நம்மைப் பிரிக்கவில்லை.

"தனியா உக்காந்தா, தப்பு வந்ததும் பயந்து எந்திரிச்சுப் போயிருவீங்கக்கா. ரெண்டு பேரா இருந்தா சண்ட போட்டுக்கிட்டாவது உக்காந்திருப்பீங்க" என்றார். சண்டைக்கு நம்மிடம் என்ன பஞ்சம்?

எனக்கு அது புதிதாகவும் தெரியவில்லை. ஏலச்செடித் தூருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ என்று குனிந்துதானே பறிப்போம்? இலை மறைத்து எனக்குத் தெரியாத காய் உன் கண்ணில் படும். கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். தட்டுகிறவளுக்கு எழுத்துதான் தெரிகிறது. சும்மா பார்க்கிறவளுக்குத்தான் போகிற வழி தெரிகிறது.

ஜீப்பில் யாரை முதலில் ஏற்றுவது என்று சொல்லும் புரோகிராமை எழுதி முடித்துவிட்டேன் என்று நீ குதித்த நாளில் என்ன ஆயிற்று? நேற்று விடுபட்டவர்களை அது திரையில் முதலில் ஏற்றியது, சரி. அடுத்த நாளைக்கும் அதே ஆட்களையே முதலில் ஏற்றியது.

"கங்காணிக்குச் சொந்தக்காரப் புரோகிராம் போல" என்றேன். முறைத்தாய்.

"மொறைக்காத. ஒவ்வொரு வரியா என்ன பண்ணுதுன்னு எனக்குச் சொல்லு."

"உனக்குச் சொல்லி?"

"எனக்கே புரிஞ்சா கம்ப்யூட்டருக்குப் புரியாதா?"

திரையில் விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே வந்தாய். "இது மொத்தப் பேரு. இது நேத்து விடுபட்டவங்க. இவங்கள மொத ஏத்துறேன். ஜீப்பு நெறஞ்சதும் மிச்சப் பேர..."

"மிச்சப் பேர?"

"எங்கயும் குறிச்சு வைக்கல மதினி."

தப்பை நான் கண்டுபிடிக்கவில்லை. அத்தனை நாள் தனியாக உற்றுப் பார்த்த உனக்கும் அகப்படவில்லை. எனக்குச் சொல்லப்போய்த்தான் மாட்டியது.

டீச்சர் அதை உன் போனில் ஏற்றிக் கொடுத்தார். "போன் சொன்னா நான் ஏத்தணுமாக்கும்?" என்றார் கங்காணி அண்ணன்.

"நீங்க சொன்னதுக்கு நாங்க எறங்கி நிக்கலையாண்ணே?" என்றாய். ஜீப்பில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் அவர் சம்மதித்துவிட்டார். அதற்கப்புறம் ஒரு நாள் விடுபட்டாலும் மறுநாள் உனக்கு ஜன்னலோர இடம். கடைசியாக நீ மலை ஏறிய அன்றைக்கும் அப்படித்தான் போனாய்.

இப்போது புதிதாக யாராவது வந்தால், டீச்சர் அவர்களோடு என்னை உட்காரவைக்கிறார். தட்டத் தெரியாமல் விழிக்கிறவளிடம், "என்ன செய்யப்போறேன்னு எனக்கு வாயால சொல்லு ஆத்தா" என்கிறேன். சொல்லத் தொடங்கினால் பாதிப் பயம் போய்விடுகிறது. அவர்களுக்கு நம் கதையையும் சொல்வேன். போன் சொன்னபடி ஜீப்பில் ஆள் ஏற்றிய அந்த முதல் திங்கட்கிழமையை மட்டும் விட்டுவிடுவேன்.

முந்தின நாள் நான் பேர் சொல்லச் சொல்ல நீ தட்டினாய். காலையில் போன் சொன்ன வரிசையில் எல்லோரும் சண்டையில்லாமல் ஏறினார்கள். ஜீப் நிறைந்து போடிமெட்டுப் பக்கம் போனது. நாம் இருவரும் ரோட்டோரம் நின்றோம். என் பேரை நீ தட்டியிருப்பாய் என்று நான் இருந்தேன். உன் பேரை நான் சொல்லியிருப்பேன் என்று நீ இருந்தாய்.

விடுபட்டவர்கள் பேரை எடுத்துப் பார்த்தோம். அதிலும் நாம் இல்லை.