பதினோராவது நிமிடம்

மச்சான்,

ரிமோட்டில் உன் தைல வாசம் இன்னும் போகவில்லை. நீ அதற்குப் போட்டுவிட்ட பிளாஸ்டிக் உறை மஞ்சளாகி, ஓரமெல்லாம் கிழிந்து தொங்குகிறது. ஆனால் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் அந்தப் பச்சைத் தைலம் சுள்ளென்று ஏறுகிறது. நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இந்த வீட்டில் உன் வாசம் மிச்சமிருக்கிற ஒரே இடம் இதுதான்.

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, எனக்கு ஆஃப் டே. காலையில் உன் மகள் சுபாங் ஜெயாவிலிருந்து கூப்பிட்டாள்.

"அங்கிள், அந்த டிவி பாக்ஸ் இன்னும் அப்பா பேருலதான் ஓடுது. இன்னிக்குச் சாயங்காலம் கட் பண்ணிடச் சொல்லட்டுமா? நீங்கதான் எதுவும் பாக்கறதில்லன்னு சொன்னீங்களே."

"சொல்லிடும்மா."

"ஏதாச்சும் ரெக்கார்ட் பண்ணி வெச்சிருந்தா இப்பவே பாத்துடுங்க. கட் பண்ணிட்டா அது எதுவும் ஓடாதாம்."

வைத்திருக்கிறேன். அது அவளுக்குத் தெரியாது. நீ கடைசியாகத் தொட்ட அந்த வாரத்து நாடகம் அப்படியே பெட்டிக்குள் இருக்கிறது. ஐந்து பகுதிகள். முதல் பகுதிக்குப் பக்கத்தில் பதினோரு நிமிடம் பார்த்ததாக ஒரு குறி. மற்ற நான்கையும் யாரும் தொடவில்லை. இடம் நிறைந்தால் பெட்டி பழையதைத் தானாக அழித்துவிடும் என்று பயந்து, அதற்குப் பிறகு நான் எதையும் பதியவிடவில்லை. ஒன்றரை வருஷமாக அந்தப் பட்டியலைத் திறப்பேன், குறியைப் பார்ப்பேன், மூடிவிடுவேன்.

என் மனைவி என்னை விட்டுப் போனபோது, "எங்கடா போவ? என் வீட்டுல ரெண்டு ரூம் சும்மாதான கெடக்கு" என்று என் பையைத் தூக்கிக்கொண்டு நீ முன்னால் நடந்தாய். கிள்ளானில் ஐந்தாவது மாடி, லிஃப்ட் பாதி நாள் ஓடாது. உனக்கு மனைவி போய்ச் சேர்ந்து மூன்று வருஷம், எனக்கு மனைவி உயிரோடு இருந்தும் இல்லை. நீ கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினாய், நான் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டினேன். ஐம்பதைத் தாண்டிய இரண்டு தடிமாடுகள் ஒரு வீட்டில் என்ன செய்யும்? நாடகம் பார்த்தோம். வெளியே சொன்னால் வெட்கம். டிப்போவில் கேட்டால் பந்து விளையாட்டு பார்த்ததாகச் சொல்வேன்.

இரண்டு பேரும் மேலதிகாரியிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரே நாளில் ஆஃப் டே வாங்கினோம். வாரம் முழுக்கப் பெட்டி பதிந்து வைக்கும், செவ்வாய்க்கிழமை உட்கார்ந்து ஐந்தையும் ஒரே மூச்சில் பார்ப்போம். நீ குளித்து, திருநீறு பூசி, வேட்டி கட்டிக்கொண்டு வந்து அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்காருவாய். "கோயிலுக்கா போற, நாடகத்துக்குத்தான" என்பேன். "ஒனக்கு என்னா தெரியும், வாரத்துல ஒரு நாள்தான்டா நாம மனுஷன்" என்பாய். நான் கீழே கடையில் ரொட்டி சானாயும் டீயும் தபாவ் பண்ணி, பொட்டலமாகக் கட்டி வாங்கி வந்து பாயில் உட்காருவேன். விளம்பரத்தை ஓட்டிவிடலாம், தலைப்புப் பாட்டை மட்டும் ஓட்டக்கூடாது என்பது உன் சட்டம். ஒருத்தர் இல்லாமல் ஒருத்தர் பார்க்கக்கூடாது என்பது என் சட்டம்.

அப்புறம் அந்த விளையாட்டு. நாடகத்தில் யாருக்குக் கெட்ட சேதி வந்தாலும் கை நேரே நெஞ்சுக்குப் போய்விடுமே. மருமகள் வேலைக்குப் போகிறேன் என்றால் நெஞ்சு, மகன் தனிக்குடித்தனம் என்றால் நெஞ்சு. அந்தக் கை மேலே எழும்போது யார் முதலில் "வந்திருச்சு!" என்று கத்துகிறோமோ அவனுக்கு அன்றைக்குத் தட்டுக் கழுவுகிற வேலை கிடையாது. முக்கால்வாசி நாள் நீதான் ஜெயித்தாய். "மேளம் மாறுதுடா, பெரியம்மா கையப் பாரு, கையப் பாரு... வந்திருச்சு!" பக்கத்து வீட்டு ஆன்டி ஒருநாள் கதவைத் தட்டி என்ன வந்திருச்சு என்று கேட்டார். "கரண்டு பில்லு ஆன்டி" என்று நீ கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னாய்.

அந்த வாரம் மட்டும் வராமலே இருந்திருக்கலாம்.

வியாழக்கிழமை உன் பேத்தியின் பிறந்தநாளுக்கு சுபாங் ஜெயா போயிருந்தாய். அங்கே ஹாலில் நாடகம் ஓடியிருக்கிறது. உன்னால் எழுந்து போக முடியவில்லை. அதோடு விட்டாயா? வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது, காணாமல்போன மூத்த மகன் திரும்பி வந்துவிட்டான் என்று உளறிவிட்டாய். எட்டு மாதம் காத்திருந்த கட்டம் மச்சான் அது! எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"நீயெல்லாம் ஒரு ஆளா? ஒத்த சட்டம் போட்டேன், அதையும் ஒடச்சிட்ட!"

"டேய், டிவி ஓடுச்சி, நான் என்னா கண்ண மூடிக்கிட்டா ஒக்கார முடியும்?"

"என் பொண்டாட்டியும் இப்பிடித்தான் சொல்லாம கொள்ளாம எல்லாத்தையும் முடிச்சா. நீயும் அதே."

அதைச் சொல்லியிருக்கக்கூடாது. உன் முகம் சுண்டிப்போனது. சோற்றைத் தள்ளி வைத்துவிட்டுத் தைலத்தை எடுத்தாய். சட்டைப் பொத்தானைக் கழற்றி நெஞ்சில் தேய்த்தாய். "காத்து அடைக்குதுடா, ரெண்டு நாளா இப்பிடித்தான்" என்று சொல்லி உள்ளங்கையை அப்படியே நெஞ்சில் வைத்து அழுத்தினாய். நான் உன்னைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, கை தட்டி, ஏளனமாக, "வந்திருச்சு!" என்றேன்.

நீ சிரிக்கவில்லை. பொத்தானைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாய்.

டாக்டரிடம் போகலாமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஐந்து வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தவன், உன் நெஞ்சிலிருந்த கையைப் பார்த்து விளையாட்டுச் சொன்னேன். நம் ஆட்களுக்குத்தான் நெஞ்சில் எது வந்தாலும் காற்று ஆயிற்றே, தைலம் போட்டால் போய்விடும் ஆயிற்றே. நீ அப்படி நம்பினாய். நான் நம்பக்கூட இல்லை, நடிப்பு என்று நினைத்தேன்.

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் உன்னோடு பேசவில்லை. திங்கள்கிழமை டிப்போவில் இன்னொரு டிரைவருக்கு என் ஆஃப் டேயைத் தூக்கிக் கொடுத்தேன். அவன் கேட்கவே இல்லை. "என்னாணே, உடம்பு சரியில்லியா?" என்றுதான் அவன் கேட்டான். உன்னைத் தனியாக உட்காரவைக்க வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் நான் சீருடையோடு கிளம்பியபோது நீ அடுப்படியில் நின்றாய். "இன்னிக்கு ஆஃப் டே இல்ல?" என்றாய். "நீயே ஒக்காந்து பாரு" என்று கதவைச் சாத்தினேன். நீ என்னிடம் கடைசியாகக் கேட்டது அது. நான் உனக்குச் சொன்ன பதில் இது.

பத்து நாற்பத்திரண்டுக்கு உன் போன் வந்தது.

பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். பொய். பஸ் தொழிற்சாலை வாசலில் நின்றது. நான் பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தேன், போன் என் வயிற்றின் மேல் இருந்தது. உன் பெயர் தெரிந்தது. அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுபடி கூப்பிடுவாய், அப்போது எடுக்கலாம் என்று இருந்தேன். நீ மறுபடி கூப்பிடவில்லை.

வேலை முடிந்தும் நேரே வரவில்லை. இன்னும் கொஞ்சம் தவிக்கட்டும் என்று கடைத்தெருவில் டீ குடித்தேன். கோபம் இறங்கிவிட்டது என்று காட்டிக்கொள்ளாமல் காட்ட, உனக்குப் பிடித்த கச்சான் பூத்தே கடலை ஒரு பொட்டலம் வாங்கினேன், காரம் தூக்கலாக. ஐந்தே முக்காலுக்குக் கதவைத் திறந்தேன். நீ பிரம்பு நாற்காலியில், வேட்டி கட்டி, திருநீறு பூசி இருந்தாய். டிவி தானாக அணைந்து, பெட்டியில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. பாயைக்கூட எனக்கு விரித்துப் போட்டிருந்தாய் மச்சான். தோளைத் தொட்டபோது ஜில்லென்று இருந்தது. காலையிலேயே போயிருக்கும் என்றார் டாக்டர்.

காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் அந்தப் பதினோரு நிமிடத்தைப் பார்த்தேன். நாடகம் ஓடும்போதே நீ சாய்ந்திருந்தால் அது பாட்டுக்குக் கடைசிவரை ஓடியிருக்கும். பதினொன்றில் நின்றிருக்கிறது. அப்படியென்றால் நீதான் நிறுத்தினாய். எதற்கு நிறுத்தினாய்? நான் இல்லாமல் பார்க்க மனம் வரவில்லையா? அதைச் சொல்லத்தான் போன் அடித்தாயா, "வாடா, ஒன்ன விட்டுட்டுப் பாக்க முடியல" என்று? இல்லை, வலி வந்து, நிறுத்திவிட்டு, என்னைக் காப்பாற்றக் கூப்பிட்டாயா? வலி என்றால் திரும்பத் திரும்ப அடித்திருப்பாய் என்று சில நாள் என்னைத் தேற்றிக்கொள்கிறேன். அந்த வலியில் மறுபடி அழுத்தக் கை வருமா என்று அடுத்த நிமிடமே கேட்டுக்கொள்கிறேன். இதற்கு மேல் யோசித்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

உன் மகளுக்கு இது எதுவும் தெரியாது. இந்த வீட்டிலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் எனக்குச் சட்டை எடுத்து வருகிறாள். "அப்பாவ நீங்கதான் அங்கிள் நல்லா பாத்துக்கிட்டீங்க" என்று போன தடவை கண் கலங்கினாள். அந்தச் சட்டையை நான் இன்னும் பிரிக்கவில்லை. எந்த முகத்தோடு போடுவது? நாக்கு நுனிவரை வருகிறது, சொல்ல முடியவில்லை. நான் கோழை மச்சான், வேறு என்ன.

இன்றைக்கு வேறு வழியில்லாமல்தான் உட்கார்ந்தேன். ரொட்டி சானாய் வாங்கி வந்து தட்டில் போட்டு வைத்தேன். பாயை விரித்தேன். நாற்காலி உன்னுடையது, அதில் நான் உட்காருவதில்லை. முதலிலிருந்து போட்டேன். தலைப்புப் பாட்டை ஓட்டவில்லை.

உன் பதினோரு நிமிடத்தையும் கண் கொட்டாமல் பார்த்தேன். எந்த இடத்தில் நிறுத்தினாய் என்று தெரிந்தால் ஏன் நிறுத்தினாய் என்றும் தெரிந்துவிடும் என்று ஒரு முட்டாள் நம்பிக்கை. பதினோராவது நிமிடத்தில் சின்ன மருமகள் கீரை ஆய்கிறாள். அவ்வளவுதான். யாரும் அழவில்லை, யாரும் எதுவும் பேசக்கூட இல்லை. கீரை ஆய்கிற இடத்தில் ஒரு மனுஷன் எதற்கு நிறுத்துவான்? வலிக்காகவும் நிறுத்தலாம், எனக்காகவும் நிறுத்தலாம். எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அதோடு நானும் நிறுத்தியிருக்க வேண்டும். கை ரிமோட்டில்தான் இருந்தது, அழுத்தவில்லை. நாடகம் ஓடிக்கொண்டே இருந்தது. பெரியம்மாவுக்கு ஒரு கடிதம் வந்தது. பிரித்தாள். மேளம் மாறியது. அவள் கை மெல்ல மேலே எழுந்தது.

"வந்திருச்சு!"

நான்தான் கத்தினேன். நினைத்துக் கத்தவில்லை, வாய் முந்திக்கொண்டது. அந்த வெள்ளிக்கிழமை உன் முகத்துக்கு நேரே சொன்ன அதே வார்த்தை வீடு முழுக்கக் கேட்டது. "டேய் கள்ளா, நான்தான்டா மொதல்ல" என்று நாற்காலியிலிருந்து ஒரு குரல் வர வேண்டும். பக்கத்து வீட்டில் குக்கர் விசில்தான் வந்தது.

பதறிப்போய் நிறுத்தினேன். பட்டியல் திரும்ப வந்தது. பதின்மூன்று நிமிடம் பார்த்ததாக எழுதியிருந்தது. பதினொன்று இல்லை. உன் விரல் விட்டுவிட்டுப் போன கடைசிக் குறியை என் விரலாலேயே அழித்துவிட்டேன். பெட்டி சாயங்காலம்வரை உயிரோடு இருந்தது, நான் அதற்குக்கூடப் பொறுக்கவில்லை.

ஆறு மணிக்குத் திரை கறுத்துவிட்டது. உன் மகள் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. என் போனில் நான் எடுக்காத உன் பத்து நாற்பத்திரண்டு மட்டும் இருக்கிறது. போன் பழசாகிவிட்டது, சார்ஜ் நிற்பதில்லை, புதுசு வாங்குங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். மாற்ற மாட்டேன்.

தட்டு இன்னும் தொட்டியில்தான் கிடக்கிறது. நான் கழுவப் போவதில்லை. இன்றைக்கு நான்தான் முதலில் சொன்னேன், உன் முறை. எழுந்து வாடா.