பையில் ஒன்றுமில்லை

உன் வீட்டுக்காரி நேற்று அந்தப் பச்சைத் துணிப்பையை என்னிடம் நீட்டினாள். "ரேஷனுக்கு ஆகும், எடுத்துக்கினு போங்கண்ணா" என்றாள். துவைத்து மடித்திருந்தாள். வாங்க எனக்குக் கை வரவில்லை. அதில் நீ ஒருநாளும் ஒன்றும் வாங்கி வந்ததில்லை.

லேத் பட்டறை வேலையை விட்ட பிறகு நாற்காலியை விட்டு எழாத ஆள் நீ. திடீரென்று தினமும் காலையில் பையும் கையுமாக மேனாம்பேடு தெருக்களில் கிளம்பினாய். லோடு ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் எனக்குக் கிண்டலடிக்க அது போதாதா? போகும்போதும் பை தட்டை, வரும்போதும் தட்டை. நடுவில் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு போனைப் பார்ப்பதுபோல நிற்பாய். போன் தலைகீழாக இருக்கும். அதைப் பார்த்துச் சிரித்தேனே தவிர, ஏன் நிற்கிறாய் என்று யோசிக்கவில்லை.

ஒருநாள் பையைப் பிடுங்கி எல்லோர் முன்னாலும் கவிழ்த்தேன்.

"இன்னா மாமே, காத்து வாங்கிக்கினு வர்றியா? கிலோ எவ்ளோ?"

பெஞ்சே குலுங்கியது.

"குடுடா, போவணும்" என்றாய். மூச்சு வாங்கியது.

"ஃபிளாட்டுக்காரன் மாதிரி வாக்கிங்கா? ஷூ எங்க நைனா?"

நீயும் சிரித்தாய். மறுநாள் தெருவில் உன்னைக் காணோம். அடுத்த நாளும் காணோம்.

மாத்திரை கொடுக்க வீடு வீடாக வரும் நர்ஸம்மா, பையைக் கவிழ்த்ததைக் கேள்விப்பட்டு, என்னை வழியில் நிறுத்தினார். திட்டியிருந்தால் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவர் திட்டவில்லை.

"உங்க ஃபிரெண்டை நடங்கன்னு ஆறு மாசமா சொன்னேன், நடக்கல. அப்புறம்தான் எது தடுக்குதுன்னு கேட்டேன். 'சும்மா நடந்தா எதிர்ல வர்றவன்லாம் எங்க போறன்னு கேக்கறான், வெக்கமா கீதும்மா'ன்னாரு. அப்போ கையில ஒரு பை வெச்சிக்கோங்கன்னேன். நாலு வாரம் நடந்தாரு. விட்டுட்டா ஆபத்துங்க. நீங்க நாலு நாள் அவர்கூட நடங்க, மறுபடி பழகிடுவாரு."

"நாளைக்கே இழுத்துக்கினு போறேம்மா" என்றேன்.

மறுநாள் ஆவடிக்கு லோடு. அதற்கு மறுநாள் தூக்கம். மூன்றாம் நாள் உன் வீட்டுக்கு வந்தேன். படியில் உட்கார்ந்திருந்தாய். கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை.

"பை எங்க வெச்சேன்னு தெர்ல மாமே. அப்புறம் பாக்கலாம்."

உன் தலைக்குப் பின்னால் ஆணியில்தான் தொங்கியது. நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. 'மன்னிச்சுக்கடா, வா' என்று சொல்லியிருக்க வேண்டும். "கால் இன்னா, பலாக்காயா?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

அந்த வாரம் தாண்டவில்லை நீ. டாக்டர் நாலு காரணம் சொன்னார். அதில் என் பெயர் இல்லை.

இப்போது நாலு படி ஏறினால் எனக்கே நெஞ்சை அடைக்கிறது. ஆஸ்பத்திரியில் மாத்திரை தந்து, மெதுவாக நடக்கச் சொன்னார்கள். தனியாகப் போகாதீர்கள், ஒரு துணை வைத்துக்கொள்ளுங்கள் என்றார் நர்ஸம்மா.

இன்று காலை பெஞ்சில் கேட்டேன். "டேய், எனக்கு நெஞ்சு அடைக்குதுடா. யார்னா கூட நடக்க வாங்கடா."

ஒருவனும் எழவில்லை. அடுத்து நான் என்ன சொல்லப்போகிறேன் என்று, சிரிக்கத் தயாராக, எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.