தொதல் இருக்கும் இடம்

மகள் றுமானாவை எப்படி வாசிக்கப் பழக்குவது என்று கணவன் அகீலோடு சண்டைபிடித்த ஸுல்பிகா, மறுநாள் கிண்ணியாவுக்குப் புறப்படுமுன் குசினிக் கதவில் சீட்டு ஒட்டினாள்.

"மீன் ஆணம் சட்டியில இருக்கு. வெளிய போனா திறப்பைப் பக்கத்து வீட்டில குடுங்க. பிள்ளையை வேகமா வாசி எண்டு விரட்டாதீங்க. விளங்கி, ஆசையா வாசிக்கட்டும். எனக்குக் கோபம்தான். எண்டாலும் உங்களுக்குத் தொதல் வெச்சிருக்கன், அலுமாரி மேல்தட்டில. றுமானாக்கிட்டச் சொல்லாதீங்க, முழுசையும் முடிச்சிருவா."

துறைமுகத்து இரவுவேலை முடித்து உறங்கிய அகீல் எழும்பியபோது, மகள் கதிரையில் ஏறி நின்று தொதல் இனிப்பைத் தின்றுகொண்டிருந்தாள்.

"ஆரு சொன்ன?"

"உம்மா எழுதியிருக்காவே!"

யாரும் வாசிக்கச் சொல்லாமலே வாசித்திருக்கிறாள்! அகீலுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சீட்டின் அடியில் எழுதினான்: "நீங்க சொன்னதுதான் சரி. தொதல் முடிஞ்சிது."

அதற்கும் கீழே மகள் கோணல் எழுத்தில் நெருக்கி எழுதினாள்: "உம்மா, நாளைக்கும் எழுதுங்க."